போகாத மெயில்

"ஒரு மெயில் குறையுது சார்."

கம்பெனியின் பழைய மெயிலையெல்லாம் புது சர்வருக்கு மாற்றும் வேலை மூணு நாளாக நடக்கிறது. அதற்கென்று வெளியிலிருந்து வந்த பெண், கணக்குப் பார்த்துவிட்டு மேனேஜர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"நாலு லட்சத்துச் சொச்சத்துல ஒண்ணுதானேம்மா? விடு."

"தவறிப் போகலை சார். யாரோ அழிச்சிருக்காங்க. நேத்து மத்தியானம் ரெண்டே காலுக்கு."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாற்றி முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது, தொட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி கையெழுத்தோடு சுவரில் ஒட்டியிருக்கிறது. சர்வர் அறைக்குள் போக முடிந்தவர் ஒரே ஆள்தான்.

'சாவி'. கம்பெனி பாஸ்வேர்டு அத்தனையும் அவர் கையில் இருப்பதால் வந்த பெயர். ஓய்வு பெற இன்னும் ஏழே மாசம்.

கூப்பிட்டதும் வந்தார். மறைக்கவே இல்லை.

"நான்தான் சார் அழிச்சேன்."

"யாரோட மெயில்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

"போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது சொன்னானா?"

"என் மூஞ்சியைப் பார்த்தா அப்படி ஒருத்தன் நம்பி வருவானா சார்?"

"சிரிக்காதீங்கண்ணே! இது உங்க வேலை போற விஷயம்." மேனேஜர் மேசையைத் தட்டினார். "யாரை ஏமாத்துறீங்கன்னு தெரியுதா? நம்ம முதலாளியை! பதினோரு வருஷம் முன்னாடி என் சம்சாரம் பிரசவத்துல உயிருக்குப் போராடிட்டு இருந்தா. லீவு கேட்டேன். ஆடிட் நேரம், முடியாதுன்னுட்டார். வந்த ஆத்திரத்துல ராஜினாமா எழுதி அனுப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எழுதக்கூடாததெல்லாம் எழுதினேன், அவர் அம்மாவைக்கூட விட்டுவைக்கலை."

சாவி தலையைக் குனிந்துகொண்டார்.

"மறுநாள் என் சாமானை எடுக்க வந்தேன். அவ்வளவையும் படிச்ச மனுஷன், தோள்ல கையைப் போட்டு, 'நேத்து நான் பேசினது தப்புப்பா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா? ஒரு மாசம் கழிச்சு வா, உன் நாற்காலி எங்கேயும் போயிடாது'ன்னார். இன்னைக்கு வரைக்கும் அந்த மெயிலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கா துரோகம் பண்ணுறீங்க?"

"நல்ல மனுஷன்தான் சார்," என்றார் சாவி.

அந்தப் பெண்தான் மெல்ல இழுத்தாள்.

"சார், அழிச்சது போய்ச் சேர்ந்த மெயில் இல்லை. போகாத மெயில். பழைய சர்வர்லயே மாட்டிக்கிட்டுக் கிடந்திருக்கு. புதுசுக்கு மாத்தினதும் அப்படி நின்னு போனதெல்லாம் தானாவே கிளம்பிடும்."

"அதுக்குத்தான் பயந்தேன்," என்றார் சாவி. "அன்னைக்கு சர்வர் நிரம்பி எல்லார் மெயிலும் நின்னு போச்சு. மறுநாள் ஒவ்வொண்ணாப் பார்த்து அனுப்பி விட்டேன். இது ஒண்ணை மட்டும் அனுப்ப மனசு வரலை. அடுத்தவங்க எழுதினது, அழிக்கவும் கை வரலை. அப்படியே கிடந்துச்சு."

"என்னைக்கு?" என்றார் மேனேஜர்.

"உள்ளே எழுதினது போயிடுச்சு சார், தேதி மட்டும் பதிவுல நிக்குது." பெண் கம்ப்யூட்டரை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

ஜூன் பதினேழு. பதினோரு வருஷத்துக்கு முந்தியது.

அது அவர் மகள் பிறந்த நாள்.

மேனேஜர் அந்தத் தேதியை விரலால் தொட்டார்.

"அப்போ... முதலாளி அதைப் படிக்கவே இல்லையா?"

"படிச்சிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் சார்," என்றார் சாவி அவசரமாக.

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், இந்த அறிக்கை முதலாளிக்குப் போகணும். 'அழித்த காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

மேனேஜர் எழுந்து முதலாளி அறைப் பக்கம் நடந்தார்.

"எழுதினவனே நேர்ல வந்து சொல்லுவான்னு போடும்மா."