பின்சக்கரத்துக்காரர்

“இந்த ஆளை என் பின்னாடியிருந்து விலக்குங்க கேப்டன். இல்லேன்னா நான் இப்படியே வீட்டுக்குத் திரும்பிடறேன்!”

சாலையோரக் கடையில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்த சைக்கிள் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கத்தியது, தறி மில்லில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் அக்கா. அன்றைக்கு இருநூறு கிலோமீட்டர் சவாரி, அதில் எண்பது முடிந்திருந்தது. ‘இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?’ என்று கேட்ட புருஷனிடம், முடிக்காமல் வாசல்படி ஏற மாட்டேன் என்று சவால் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“நம்ம தபால்காரர் என்னக்கா செஞ்சார்?” என்று கேட்டார் கேப்டன்.

“என்ன செய்யலைன்னு கேளுங்க! நாமெல்லாம் முறை வச்சு முன்னாடி போய் எதிர்காத்தைத் தாங்கறோம். இவர் மூணு மாசமா என் பின்சக்கரத்தை விட்டு நகர்றதில்லை. அதுகூடப் போகட்டும். அரை மணிக்கு ஒரு தடவை பக்கத்துல வந்து, ‘அக்கா, ஏதாவது வாயில போடுங்க’ன்னு ஒரே நச்சரிப்பு. நான் என்ன பச்சைக் குழந்தையா? பொம்பளைன்னா பாதி வழியில சுருண்டு விழுந்துடுவான்னு நினைப்பு!”

கேப்டன் தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“சரி, நீங்க என்கூட முன்னாடி வாங்க. இனிமே அவங்க பக்கம் போகாதீங்க.”

விட்டது தொல்லை என்று அக்கா உற்சாகமாக மிதித்தாள்.

நூற்று முப்பதாவது கிலோமீட்டரில் கண் இருட்டியது. கைகால் வெடவெடத்தது. எப்படியோ ஓரங்கட்டி, மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவள் சட்டைப்பையில் பேரீச்சம்பழப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன்க்கா சாப்பிடலை? சாப்பிடச் சொல்லி அரை மணிக்கு ஒரு விசில்னு, கடையை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து நாலு தடவை அடிச்சேனே!”

“விசிலா? முதல் நாள் சொன்னீங்க. அப்புறம் ஒரு நாள்கூட அடிச்சதில்லையே!”



கேப்டன் விசிலை எடுத்து, கன்னம் உப்ப ஊதினார். மின்கம்பியில் இருந்த காக்கைகள் அத்தனையும் விருட்டென்று பறந்தன. அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊதறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

தபால்காரர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

“முதல் வாரமே பின்னாடியிருந்து பெல் அடிச்சுப் பார்த்தேன்க்கா. நீங்க திரும்பவே இல்லை. இத்தனை வருஷம் தறிச் சத்தத்துல இருந்து, கீச்சுன்னு வர்ற சத்தம் மட்டும் உங்க காதுல விழறதில்லை போல. வெளியில சொன்னா உங்களைக் குழுவுல வச்சுக்க மாட்டாங்களோன்னுதான், நானே பக்கத்துல வந்து...”

நாலு பேர் முன்னால் அவரை என்னவெல்லாம் பேசிவிட்டாள் அக்கா! பேரீச்சம்பழங்களை ஒவ்வொன்றாக மென்று முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏன் கேப்டன், வச்சுக்க மாட்டீங்களா?”

கேட்டுக்கொண்டே அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

“இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கு. என் பின்னாடியே வாங்க தம்பி. இனிமே ஒளிச்சு மறைச்சுச் சொல்ல வேண்டாம், ஊருக்கே கேக்கற மாதிரி கத்துங்க!”