மூடியைத் திறக்காமல்

விமானத்தின் வாலைக் கயிற்றால் தென்னையோடு இறுக்கிக் கட்டிவிட்டு, மெக்கானிக் ஜௌபர் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினான்.

புல்தரையின் மறுகோடியில் மேய்ந்த கழுதைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன.

இரண்டு பேர் மட்டும் போகக்கூடிய சின்ன விமானம். டொல்பின் பார்க்க வருகிறவர்களை மாம்புரியிலிருந்து கடலுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டியது. நான்கு மாதத்துக்கு மேலாக எவரையும் ஏற்றவில்லை.

கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் உம்மு குல்சூம் இருந்தாள். காலை பஸ்ஸில் கண்டக்குழியிலிருந்து வந்தவள். வந்ததும் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

“பெற்றோல் தாங்கிய நிரப்பி, மூடிய இறுக்கிட்டு, இருபது நிமிஷம் எஞ்சின ஓட்டணுமாம். நடுவுல மூடியத் திறக்கவே கூடாதாம். மிஹ்லார் சொல்லியனுப்பினது.”

மிஹ்லார் இந்த விமானத்தை ஓட்டியவன். இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறான்.

வந்தவள் அவனுடைய கூடப்பிறந்த ராத்தாவாக இருக்கும் என்று ஜௌபர் நினைத்துக்கொண்டான். மிஹ்லாரின் வீட்டார் எவரையும் அவன் கண்டதில்லை. யாரென்று கேட்க முகமும் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் தனியாகப் பறந்துகொண்டிருந்த மிஹ்லார் கண்டக்குழிக் கரையில் திடீரென்று இறங்கினான். மணலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரை இறக்கை அடித்தது. அவர் அந்த இடத்திலேயே மௌத்தானார்.

எஞ்சின் நின்றுபோனது என்றான் மிஹ்லார்.

விசாரிக்க வந்தவர்கள் தாங்கியைத் திறந்து பார்த்தார்கள். பெற்றோல் இருந்தது. எஞ்சினை முடுக்கினார்கள். ஓடியது. கரையில் நின்ற வெள்ளைக்காரருக்கு வித்தை காட்டத்தான் தாழப் பறந்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எஞ்சின் சீராக ஓடியது. சூடு சரி. எண்ணெய் சரி.

பதினைந்தாவது நிமிடத்தில் ஜௌபருக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

பதினெட்டாவது நிமிடத்தில் எஞ்சின் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

தென்னோலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அவன் இறங்கிப் போய்த் தாங்கியின் மூடியை மெல்லத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது.

பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டும். போகவில்லை. காற்றில்லாத தாங்கி பெற்றோலைக் கீழே இறங்கவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் கோளாறு போய்விடும். திறந்து பார்த்த எவருக்கும் அது அகப்பட்டிருக்காது.

விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். தாங்கிக்குக் காற்றுப் போகிற குழாய் பென்சில் பருமன். அதன் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

விபத்துக்கு முந்தின கிழமையும் எஞ்சின் நின்றதென்று மிஹ்லார் வந்து சொன்னான். ஜௌபர் மூடியைத் திறந்து பார்த்தான். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான். “பயந்துட்டாய்” என்று சிரித்தான். பராமரிப்புப் புத்தகத்தில் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

கம்பியால் ஒரு குத்து. மண் உதிர்ந்துவிடும், அடையாளமே இருக்காது. கம்பி சட்டைப் பையிலேயே இருந்தது. உம்மு குல்சூம் கதிரையை விட்டு எழுந்து, கடற்பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

கம்பியை எடுக்காமலே வெளியே தவழ்ந்து வந்தான்.

பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“ஒங்கட தம்பி பொய் சொல்லல்ல ராத்தா. எனக்கிட்ட முன்னமே சொன்னான். நான்தான் நம்பல்ல. குறை இல்ல எண்டு எழுதினதும் நான்தான். பொலிஸுல சொல்றேன்.”

அவள் குனிந்து அந்த மண்ணை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

“மிஹ்லார் எனக்குத் தம்பி இல்ல,” என்றாள். “நான் கரையில மௌத்தானவர்ட பொஞ்சாதி. வீட்டோட இத்தா இருந்து முடிஞ்சு இண்டைக்குத்தான் வெளிய எறங்கினேன்.”

அந்த ஜனாஸா அடக்கத்துக்கு ஜௌபர் போயிருக்கவில்லை.

“அந்தப் பிள்ளைட உம்மா கிழமைக்கொருக்கா வருவா. மகன் பொய் சொல்லல்ல, ஒருக்கா மூடியத் திறக்காம எஞ்சின ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க எண்டு அழுவா. நான் காதுல எடுக்கல்ல. நாலு மாசமும் பத்து நாளும், ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும், அவன் அழிஞ்சு போகணும் எண்டு கையேந்தித் துஆ கேட்டேன்.”

தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்தாள்.

“இனி அத எப்புடித் திருப்பி எடுக்குற?”

ஜௌபர் பொலிஸுக்கு அழைப்பு எடுத்தான். வரும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம் என்றார்கள். கொட்டகைக்குள் போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, தான் எழுதிய பக்கத்தை விரித்து அவளிடம் நீட்டினான்.

உம்மு குல்சூம் அடியிலிருந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தாள்.

“எழுத்து விளங்கல்ல. ஒங்கட முழுப் பேரென்ன?”

ஜௌபர் சொன்னான். வாப்பாவின் பெயரையும் சேர்த்தே சொன்னான்.

எந்தத் துஆவுக்கு அந்தப் பெயர் என்று கேட்கவில்லை.