அக்கா எறும்புகள்

வயரிங் வேலை பார்க்கிற அப்பா, சொந்த வீட்டு சுவிட்ச் பெட்டியைத் திருகிக் கழற்றுகிறார். பிள்ளை செத்துப் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கும் அம்மா சுவரைப் பார்த்தபடி கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். மின்விசிறி ஓடவில்லை. நைட்டியின் மார்பில் பால் கசிந்து ஈரம் படர்ந்திருக்கிறது. மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று டார்ச் பிடிக்கிறாள். மூடி விலகியதும், உள்ளே குடியிருந்த எறும்புகள் வெளிச்சத்தில் பதறிச் சிதறுகின்றன. அத்தனை அவசரத்திலும் ஒவ்வொன்றின் வாயிலும் அரிசிக் குருணைபோல வெள்ளையாய் ஒரு குஞ்சு. “எல்லாம் அம்மா எறும்பாப்பா?” என்று கேட்கிறாள். “இல்லடா கண்ணு. முட்டை போடுறது ராணி ஒண்ணுதான். தூக்கி வளர்க்கிறதெல்லாம் முன்னாடி பொறந்த அக்காங்க...” சொல்லிவிட்டு அப்பா நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஓர் எறும்பு தன் குஞ்சைத் தவறவிடுகிறது. பாதிச் சுவரிலிருந்து திரும்பி இறங்கி, தேடிக் கவ்விக்கொண்டு மறுபடி ஏறுகிறது. டார்ச் வெளிச்சம் அதன் பின்னாலேயே போகிறது. மகள் அதையே பார்த்தபடி சொல்கிறாள்: “பாப்பாவ என்கிட்ட காட்டவே இல்லயேப்பா. ஒரே ஒரு தடவ தூக்கியிருப்பேன். கீழ போட்டிருக்க மாட்டேன்.” அப்பாவின் திருப்புளியைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. கட்டில் கிறீச்சிடுகிறது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறாள். “இங்க வாடி” என்கிறாள். ஸ்டூலிலிருந்து குதித்து ஓடிவந்தவளைப் பக்கத்தில் படுக்கவைத்து, முகத்தை விரலால் தடவிப் பார்க்கிறாள். “அவளுக்கு உன் மூக்குடி. அப்படியே உன் மூக்கு.”