காலையில் மட்டும் தாமதம்

“புது டிஸ்க் போட்டா கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்கும்னு சொன்னீங்க. இப்ப லாரி டிரைவருங்க ஹாரன் அடிச்சே என் காதைக் கிழிக்கறாங்க” என்றார் பார்சல் ஆபீஸ் மேனேஜர்.

மெக்கானிக் மேசைக்கு அடியில் குனிந்து கேபினெட்டின் மூடியைக் கழற்றினான். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், விடிவதற்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பியவன். ஆஸ்பத்திரி ஒன்றில் பிரிண்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு நேராக இங்கே வந்திருந்தான். முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது.

முன்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் ஆன் செய்தால் கிழட்டு மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டே இருக்கும். பில் பக்கம் திரையில் வருவதற்குள் டீ குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவியும் வைத்துவிடலாம். போன மாதம் இவன்தான் புது டிஸ்க் மாட்டினான்.

அப்புறமும் காலையில் முதல் பில் தாமதமாகிறது என்று புகார். வந்து பார்த்தால், பழக்கதோஷத்தில் மெஷின் இன்னும் பழைய டிஸ்க்கையே முதலில் தேடிக்கொண்டிருந்தது. அந்த வரிசையை மாற்றிவிட்டுப் போனான். ஆனாலும் புகார் ஓயவில்லை.

மேனேஜர் விடவில்லை. இவனுக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த மெக்கானிக், ஸ்டோர்கீப்பரின் மச்சானாம். அது தெரிந்த அன்றே இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கணக்கை முடித்து அனுப்பிய கதையை மறுபடியும் சொன்னார். “சொந்தபந்தம் உள்ள வந்தா வேலை வெளியில போயிடும் தம்பி” என்று முடித்துவிட்டு, சரக்கு ஏற்றுவதைப் பார்க்கப் பின்பக்கக் கிடங்குக்குப் போனார். காலை நேரத்தில் அவருக்கு அங்கேதான் வாசம். முன்பக்கம் நடப்பதெல்லாம் ஹாரன் சத்தமாகத்தான் அவர் காதுக்கு வந்து சேரும்.

“காலையில ஆன் பண்ணினா என்ன ஆகுது மேடம்?” என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டான்.

“வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு சார்” என்றாள் அவள், கீபோர்டைப் பார்த்தபடி.

அணைத்துவிட்டு ஆன் செய்தான். பில் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. வயரைப் பிடுங்கி, மெஷின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஆன் செய்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பிள்ளை மாதிரி அப்போதும் வந்து நின்றது. எந்த வட்டமும் சுற்றவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். அவள் ரவிக்கைக் கையின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. தலையை அவசரத்தில் அள்ளி முடிந்திருந்தாள். பக்கத்தில் வந்தபோது பவுடர் வாசனைக்குப் பதிலாகத் தைல வாசனை வீசியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மெஷின் ஆன் ஆவதில் தாமதமே இல்லை. ஆன் செய்ய வேண்டிய ஆள்தான் தாமதமாக வந்துகொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அந்தக் கிழட்டு மாடு அவளுக்காகப் பழியைச் சுமந்திருக்கிறது. அதைப் பந்தயக் குதிரையாக்கி, அவளுக்கு இருந்த ஒரே சாக்கையும் பிடுங்கியவன் இவன்தான்.

 

மேனேஜர் திரும்பி வந்தார். “மெஷின்ல கோளாறா, ஆள்ல கோளாறா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். மெஷின் சரியா இருக்குன்னா, நாளைக்கே வேற ஆளை வச்சுக்கறேன். மெஷின்லதான் கோளாறுன்னா, கிடங்குல இருக்கற மத்த மெஷின் வேலையை நீங்க மறந்துடலாம்.”

அந்தக் கிடங்கு வேலையை நம்பித்தான் மெக்கானிக் இந்த மாதத்தை ஓட்ட நினைத்திருந்தான். எப்படிச் சொன்னாலும் வீட்டு அடுப்பு ஒன்றில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பில் போடும் பெண்ணின் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் நின்றன.

“என் தப்புதான் சார்” என்றான். “சரியா கவனிக்காம விட்டுட்டேன். நாளையிலேர்ந்து லேட் ஆகாது.”

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கிடங்கு வேலைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஹாரன் சத்தம் கேட்ட திசையில் நடந்தார்.

மெக்கானிக் மறுபடியும் மேசைக்கு அடியில் போய்க் கேபினெட்டின் மூடியைப் பொருத்தினான். உருண்டு போன திருகாணி ஒன்றை எடுத்துக் கொடுக்கக் குனிந்த அவள், “எதுக்கு இந்தப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கிட்டீங்க?” என்றாள்.

அவன் திருகாணியை வாங்கிக்கொண்டான். மேனேஜர் போன பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நாளையிலேர்ந்து எங்கம்மாவை நான் குளிப்பாட்டறேன், நீ நேரத்தோட கிளம்பு.”