ஒரு கும்பிடு

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு கும்பிடு போடக்கூட மனசு வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ கலெக்டர் மேற்பார்வைக்கு வந்த மாதிரி ஆற்காட்டுப் பழைய கோட்டை வாசலான டில்லி கேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிநாதனுக்குச் சுருக்கென்றது.

ஆம்பூரில் அக்கம்பக்கத்தாரிடம், ஆற்காடு சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். உண்மையில் மகள் சுந்தரியைப் பெண் பார்க்கும் நாள் அது. பொது இடத்தில், இரண்டு குடும்பமும் ஊர் பார்க்க வந்தது போலச் சந்தித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் காசிநாதனின் அக்கா அன்னம்மாள்.

வீட்டுக்கு வரவழைத்து இரண்டு தடவை காரியம் கெட்டிருந்தது. காசிநாதன் தோல் பதனிடும் ஷாப்பில் பட்டைத் தொட்டி ஆள். இருபது வருஷமாக ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டி, உள்ளங்கை இரண்டும் கறுஞ்சிவப்பாக ஊறிப்போயிருந்தன. சாம்பல், எலுமிச்சை எதற்கும் போகாத கறை. பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்ததும், வைத்த மோரைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அதனால் இந்தத் தடவை அவர் ‘கம்பெனி கிடங்கு மேஸ்திரி’ ஆகியிருந்தார். பங்குனி வெயிலில் சால்வை போர்த்தி, கைகளை அதற்குள் பதுக்கியிருந்தார். காய்ச்சலா என்று கேட்கப் போகிறார்கள் பாருங்கள் என்று மனைவி அமிர்தவள்ளி ரயிலெல்லாம் கேலி செய்துகொண்டே வந்தாள்.

நமக்காவது காரணம் இருக்கிறது, இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று காசிநாதனுக்கு ஆத்திரமாக வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஆதிகேசவன் ராணிப்பேட்டைக்காரர். ஏதோ கம்பெனியில் பெரிய வேலை என்று கேள்வி. பையனுக்கு ரயில்வேயில் உத்தியோகம். அமிர்தவள்ளி மக்கன்பேடாவை நீட்டியபோது, இனிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை.

பிறகு எல்லோரும் பாலாற்று மணலில் இறங்கினார்கள். பையன் ஊற்றுத் தோண்டினான். கலங்கல் தண்ணீரை மூன்று தடவை இறைத்துக் கொட்டி, தெளிந்ததும் முதல் சொம்பைச் சுந்தரியின் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் அதைக் குடித்த அழகிலேயே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பையன் தங்கங்க" என்று கணவன் காதில் கிசுகிசுத்தாள்.

"அப்பனைப் பாத்தியா? இந்த ராங்கிக்காரன் வீட்ல நம்ம பொண்ணு போயி வாழணுமா?"

அந்தப் பக்கம் பேசப் போன அன்னம்மாள் முகம் தொங்கத் திரும்பி வந்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்குதாம். ஆனா பொண்ணோட நைனா சால்வைக்குள்ளேர்ந்து கைய எடுத்து ஒரு கும்பிடு போடல, அவ்ளோ பெரிய எடம் எங்களுக்கு வாணாம்னு சொல்லிட்டாருடா. திமிரி ஊர்ல இன்னொரு பொண்ணு பாத்து வச்சிக்கிறாங்களாம். இன்னிக்கே போயி வெத்தல பாக்கு மாத்திக்குவாங்களாம்."

"அவரு மட்டும் போட்டாரா? போவச் சொல்லு. எனக்கும் வாணாம்."

சொல்லிவிட்டாரே தவிர, மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரின் ஜட்கா கரையேறும் இடத்தில் மணலில் சிக்கிக்கொண்டது. பையனும் ஆதிகேசவனும் இறங்கி ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி மேலேறியதும் ஆதிகேசவன், ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடக் கைகளை விரித்தார்.

காசிநாதன் பார்த்தார்.

உள்ளங்கை இரண்டும் கறுஞ்சிவப்பு. இருபது வருஷமாகத் தன் கையிலேயே பார்த்துவரும், எந்தச் சாம்பலுக்கும் போகாத அதே கறை.

மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். சால்வை எங்கோ நழுவி விழுந்தது. கொஞ்சம் நில்லுங்கள் என்று கத்திக்கொண்டே கரையேறுவதற்குள் ஜட்கா திமிரி சாலையில் ஓட்டம் பிடித்திருந்தது.

நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். வண்டியிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையை இறக்கத் தோன்றாமல் அவர் அப்படியே நின்றார்.

சால்வையை எடுத்துக்கொண்டு சுந்தரி பின்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"இத அப்பவே செஞ்சிருக்கலாமே, நைனா" என்றாள்.