விடு

இருவர் மட்டுமே ஆடும் அந்த நடனம் காதலில் தொடங்கி அடி உதையில் முடிகிறது. காதலை ஜெரால்ட் அழகாகத்தான் ஆடினான். சுபாஷிணியின் முடியைப் பற்றி இழுக்கும் கட்டம் வந்தால் மட்டும் அவன் கை பூப்பறிக்கப் போய்விடும்.

"பாக்குறவங்களுக்கு நெஞ்சு பதறணும்பா," என்று இயக்குநர் மறுபடியும் இசையை நிறுத்தினார்.

சுபாஷிணி ஜெரால்டின் கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்தாள். "நுனியப் பிடிச்சா உருவிக்கிட்டுப் போயிரலாம். வேரோட பிடி. பிடிச்சு கையில ஒரு சுத்துச் சுத்திக்க. கோபமாப் பாக்காத, சிரி. சிரிச்சுக்கிட்டே மெதுவாப் பேரச் சொல்லு."

அவள் கணவனை ஜெரால்டுக்குத் தெரியும். தினமும் அவளைக் கூட்டிப்போக வந்து, வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு "சுபா" என்று மெதுவாகக் கூப்பிடுவான். ஜெரால்டின் விரல்கள் முடிக்குள் அப்படியே நின்றுவிட்டன.

"விடு," என்றாள்.

சொன்னதும் சட்டென்று விட்டான். "வலிச்சிருச்சா?"

அவன் விட்ட கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ பிடி."

பிடித்தான்.

"விடு."

விட்டான்.

"போதும், சரியா வந்திருச்சு," என்றார் இயக்குநர். சுபாஷிணி திரும்பவும் அவன் கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள்.