ஐந்து வால்வும் ஓர் இரைச்சலும்

"என்ன ஓய் பாய், காதுல விழறதா இல்லையா? இதுக்குப் பேர் ஆம்ப்ளிஃபயரா, மாவு மில்லா?"

சுப்பராமன் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் இருந்த இரண்டு கோயில் புறாக்கள் மாடவீதியை விட்டே பறந்தன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்த ரேடியோ மெக்கானிக் அப்துல் கஃபார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஓடவில்லை. ஒரு மாதமாகவே ஓடவில்லை. இரைச்சலுக்குக் காரணம் விசிறிதான் என்று முதல் தண்டனை அதற்கு. அடுத்தது டியூப் லைட்டுக்கு. அதற்குப்பின் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரை முன்னிட்டு ஒரு தெருச்சண்டை, மின்சார இலாகாவுக்கு மூன்று கடிதங்கள், மூன்றும் இங்கிலீஷில். இரைச்சல் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

எல்லாம் போன மார்கழியில் ஆரம்பித்தது. சபா காரியதரிசியை நாலு பேர் முன்னால் மடக்கி, "உங்க மைக் செட் வெறும் தகர டப்பா. அடுத்த சீசனுக்கு நானே ஒண்ணு பண்ணித் தரேன். ஊசி விழுந்தா ஊசி மட்டும்தான் கேக்கணும், தெரியறதா?" என்று சுப்பராமன் சவால் விட்டிருந்தார். விடக்கூடியவர்தான். சபாவில் அவர் ஞானத்துக்குத் தனி மரியாதை. முதல் வரிசையில் அவர் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலிகள் தாமாகவே காலியாகிவிடும்.

ஊரெல்லாம் டிரான்ஸிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய கண்ணாடி வால்வில்தான் நாதம் இருக்கிறது என்று இவர் பத்து மாதம் தகடு வெட்டி, ஈயம் பற்றவைத்து, விரல்களைச் சுட்டுக்கொண்டு ஐந்து வால்வுப் பெட்டி ஒன்றை நிமிர்த்திவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்கு அதைக் கேட்க சபா கமிட்டி வருகிறது. காரியதரிசியும் வருகிறார், சிரிப்பதற்கென்றே. இப்போது மணி நாலேகால்.

"டிரான்ஸ்ஃபார்மர் உம்ம கடையில வாங்கினது. பழசைத் துடைச்சுப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டீர். இன்னிக்கு என் மானம் போச்சுன்னா, மயிலாப்பூர்லேர்ந்து ஒரு ஈ காக்கா உம்ம கடைப் பக்கம் வராது!"

பாயின் தாடி துடித்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க சார். முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். எவனும் இப்படி ஒரு பேச்சு பேசனது கெடையாது. நானும் வந்து அரை மணியா நிக்கறேன், எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நீங்க கத்தறதுதான் கேக்குது."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலை" என்றபடி சுப்பராமனின் மனைவி காமாக்ஷி, பாய்க்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். "நேத்து மத்தியானம் நீங்க ஆத்துல இல்லாதப்போ போட்டுப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது."

"யாரைக் கேட்டுண்டு தொட்டே?" சுப்பராமன் எகிறினார். "கேக்கறதுக்குக் காது போறாதுடி, செவிஞானம் வேணும்!"

"உங்களோட இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினப்புறம் எனக்கு எதுதான் கேக்கும்?"

"சும்மா இருங்கம்மா. நீங்களும் சும்மா இருங்க சார்" என்றார் பாய். "வாயை மூடிக்கினு ஸ்பீக்கர்ல காதை வச்சுக் கேளுங்க."

சுப்பராமன் கண்களை மூடி, ஸ்பீக்கர்மேல் சாய்ந்தார். நாலே விநாடி. வந்துவிட்டது. பலாப்பழத்துக்குள் வண்டு புகுந்ததுபோல், ஙொய்ய்ய் என்று, அதே இரைச்சல்.

"இப்போ கேக்கறதா ஓய்?"

பாயின் முகம் மாறியிருந்தது. "கேக்குது சார்."

"வெக்கமா இல்லை?"

பாய் பெட்டிப் பக்கம் குனிந்தார். "வால்வை ஒண்ணொண்ணா எடுக்கறேன். எதை எடுத்தா நிக்குதோ, அங்கதான் கோளாறு. நீங்க காதை எடுக்காதீங்க, வாயையும் தொறக்காதீங்க. சத்தம் இருந்தா கையை மட்டும் ஆட்டுங்க."

கைக்குட்டையால் பிடித்து, சுடச்சுட முதல் வால்வை உருவினார். சுப்பராமன் கையை ஆட்டினார். இரண்டாவது. கை ஆடியது. மூன்று, நாலு. கை இன்னும் வேகமாக ஆடியது. எல்லா வால்வுக்கும் கரண்ட் கொடுக்கும் பெரிய வால்வு ஒன்றுதான் மிச்சம். அதையும் உருவினார். கோபத்தில் சுப்பராமனின் காதுமடல் சிவந்தது.

"பெட்டியே காலி! இன்னும் கத்தறதே! பார்த்தீரா உம்ம டிரான்ஸ்ஃபார்மர் லட்சணத்தை? கமிட்டி முன்னாடி உம்மை நிக்க வெச்சு மானத்தை வாங்கலைன்னா என் பேர் சுப்பராமன் இல்லை!"

பாய் அவசரப்படவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனார். பிளக்கைப் பிடுங்கி, அதைக் கொண்டுவந்து சுப்பராமனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப கேளுங்க."

சுப்பராமன் கேட்டார். ஙொய்ய்ய். கையில் பிளக்கோடு அவர் பாயைப் பார்த்தார். வாசற்படியில் காமாக்ஷி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரே ஒரு டெஸ்ட்டு" என்றார் பாய், ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டபடி. "அதே மாதிரி வாயை மூடிக்கினு, காதை வச்சுக் கேளுங்க. கேக்குதா? ஆங். இப்ப ரெண்டு விரலால உங்க மூக்கை நல்லா இறுக்கிப் புடிங்க."

சுப்பராமன் பிடித்தார்.

இரைச்சல் நின்றது.